முதல் கட்டத்துச் சொல்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருப்பதைச் சும்மா விடமாட்டோம். சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறார் என்று தெரிந்தும், அன்று காலையில் நான் அப்பாவின் குரலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

குரல் என்று நான் சொல்வது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய லேப்டாப்பை. அப்பா லாரி ஓட்டியவர். கூட ஓட்டியவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். அடுத்த தெருவில் இருப்பவரிடம் போன் இல்லாமலே பேசிவிடுவார் என்று அம்மா கிண்டல் செய்வாள். நரம்பு நோய் வந்து முதலில் கையைப் பிடுங்கியது, பிறகு காலை, கடைசியில் அந்தத் தொண்டையையும். இப்போது அவர் நினைத்தபடி அசைவது வலது கட்டைவிரல் மட்டும்தான். அதன் அடியில் ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். திரையில் கட்டம் கட்டமாகச் சொற்கள் இருக்கும், எழுத்துகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. ஒரு மஞ்சள் வெளிச்சம் கட்டத்துக்குக் கட்டம் தாவும், தாவும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் வரும். வேண்டிய சொல்லில் வெளிச்சம் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் லேப்டாப் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும்.

அப்பா திரையைப் பார்ப்பதே இல்லை. இமைகள் சோர்ந்துவிட்டன, தூக்கிப் பிடித்தால் நிற்காது. கண்ணை மூடிக்கொண்டு டிக்குகளை எண்ணியே அழுத்துவார். எந்தச் சொல் எத்தனையாவது என்று எல்லாம் மனப்பாடம். கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்களேன் என்று ஒருநாள் சொன்னதற்கு, கியர் மாத்தும்போது எவனாவது குனிஞ்சு பாப்பானா என்று எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பதில் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ஆனாலும் விடவில்லை.

டாக்டர் கேட்கவிருந்த கேள்வி இதுதான். மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் அவருக்காக மூச்சு விடும். உயிரோடு இருப்பார், ஆனால் மெஷினை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியாது. குழாய் வேண்டாம் என்றால் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், அதிக நாள் தாங்காது. டிவி ரிமோட் காலத்திலிருந்தே எனக்கும் அண்ணனுக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் ஒத்துப்போனோம். குழாய் வைத்தே ஆக வேண்டும். அப்பா இருக்க வேண்டும், எப்படியாவது இருக்க வேண்டும். ஆனால் டாக்டர் எங்களைக் கேட்கவில்லை.

"அவர் நினைவு தெளிவா இருக்கு. அவரே சொல்லட்டும்," என்று முடித்துவிட்டார்.

அப்பாவின் மனதில் என்ன இருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்கப் பயம், வேறொன்றுமில்லை.

கொஞ்ச நாளாக லேப்டாப் பேசும்போதே பாதிச் சொல்லில் உறைந்துபோய்க்கொண்டிருந்தது. டாக்டர் முன்னால் மக்கர் பண்ணினால் என்ன செய்வது? இந்த மென்பொருளை எழுதியவர் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆள். உறையும் கோளாறைச் சரிசெய்து புதிய பதிப்பு விட்டிருந்தார். அதை ரெடிமேட் சட்டைபோல வாங்கி மாட்டிக்கொள்ள முடியாது. எங்கள் கிழட்டு லேப்டாப்பின் அளவுக்கு யாரும் தைத்து வைப்பதில்லை. அந்தப் புண்ணியவான் துணியைத்தான் கொடுக்கிறார், அதாவது சோர்ஸ் கோடை. நாம்தான் அதைக் கம்பைல் செய்து, லேப்டாப் ஓட்டக்கூடிய புரோகிராமாக்கி, இன்ஸ்டால் செய்துகொள்ள வேண்டும். முதல் தடவையும் நான்தான் தைத்தேன். அப்பாவுக்கு ஏற்றபடி அங்கங்கே பிடித்தும் கொடுத்திருந்தேன்.

"இன்னிக்கு வேணாமே. அப்பப்ப நிக்குது, திரும்பப் போட்டா பேசுது. அது போதாதா?" என்றான் அண்ணன்.

"சும்மா இரு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிடும்."

ஆகவில்லை. புதிய பதிப்புக்கு ஒரு லைப்ரரி, அதாவது அது சார்ந்து ஓடும் துணைப் புரோகிராம், புதிதாக வேண்டும் என்றது. அதைத் தேடி எடுத்துக் கம்பைல் செய்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. ஒவ்வொன்றாக இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். புதிய லைப்ரரி உள்ளே போனதும் பழைய புரோகிராம் திறக்க மறுத்தது. அதன் சோர்ஸ் கோடை இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்திருந்தேன். ஆக, திரும்பிப் போக வழியில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் அப்பாவின் கட்டைவிரல் அசைந்தது. பொத்தான் அழுந்துகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி அழுந்துகிறது.

"அவரு ஏதோ சொல்ல வர்றாரு," என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறும்மா. கம்பைல் ஆயிட்டிருக்கு."

"அது ஆகட்டும். மனுஷனுக்கு எப்ப வாய் வரும், அதைச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்பட யாருமில்லாததால் கீபோர்டைத் தட்டினேன். அம்மா தானாகவே யோசித்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள், தலையணையைச் சரிசெய்தாள், உதட்டை நனைத்துவிட்டாள். எதைக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாக இன்ஸ்டால் ஆனது. திறந்தேன், திறந்தது. அப்பா தனக்கென்று சேர்த்துக்கொண்ட சொற்கள் தனி ஃபைலில் இருந்ததால் ஒன்றுவிடாமல் வந்திருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்தேன். தண்ணி என்ற இடத்தில் தண்ணி என்றது. வலிக்குது, விசிறி, திருப்பிப் படுக்க வை, எல்லாம் சரி. கடைசிக் கட்டம் 'மேஸ்திரி'. எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று சின்ன வயதிலிருந்து அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தக் கட்டம் பேசினால் நான் எங்கிருந்தாலும் ஓடி வர வேண்டும். அதுவும் பேசியது. ஒரு சொல்லிலும் உறையவில்லை. எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா பால் கொண்டுவந்தாள். "என்னங்க, கொஞ்சம் பால் தரட்டா?"

முதல் டிக்கிலேயே அழுத்தினார். "வேணும்," என்றது லேப்டாப்.

அம்மா ஸ்பூனில் கொடுத்தாள். அவர் விழுங்கவில்லை. பால் வாயோரத்தில் வழிந்து கழுத்துக்குப் போனது. மறுபடியும் கேட்டாள், மறுபடியும் "வேணும்". மறுபடியும் வழிந்தது.

"விழுங்கக்கூடத் தெம்பில்ல இவருக்கு," என்று துண்டால் துடைத்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அதைப் பலவீனம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, கை கழுவிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. குழாய் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று எதையும் மறைக்காமல் அப்பாவுக்கே சொன்னார், எங்களுக்கல்ல. அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இப்ப கேக்கறேன். குழாய் வைக்கலாமா? உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

டிக்.

"வேணும்," என்றது லேப்டாப்.

அண்ணன் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

வெளிச்சம் ஒரு சுற்று சுற்றிவிட்டு முதல் கட்டத்துக்கு வந்தது. அப்பா மறுபடி அழுத்தினார். "வேணும்." இன்னொரு சுற்று. "வேணும்."

"பாத்தீங்களா டாக்டர், எவ்ளோ உறுதியா இருக்காரு," என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தான்.

"சரிங்கய்யா. புரியுது," என்றார் டாக்டர்.

"வேணும்," என்றது லேப்டாப்.

அப்பாவின் நெற்றி சுருங்கியிருந்தது. இமைகள் திறக்கப் பார்த்து, முடியாமல் படபடத்தன. நான் திரையைப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் முதல் கட்டத்தில் நின்றது. முதல் கட்டம், 'வேணும்'. வாயோரத்தில் வழிந்த பால் எனக்கு ஞாபகம் வந்தது.

முதல் கட்டம் எப்போதும் 'வேண்டாம்'தான். அப்பா கேட்டு வாங்கியது அது. லேப்டாப்பில் பேசத் தொடங்கிய புதிதில், மென்பொருளை எழுதியவர் வைத்தபடி 'வேணும்' முன்னாலும் 'வேண்டாம்' பின்னாலும் இருந்தன. குளிப்பாட்டும்போது ஒருநாள் வெந்நீர் சூடு அதிகமாகி, 'வேண்டாம்' கட்டத்துக்கு வெளிச்சம் போய்ச் சேர்வதற்குள் தோள் சிவந்துவிட்டது. வேணும்ங்கறது கொஞ்சம் லேட்டா வந்தா ஒண்ணும் குடி முழுகாது, பிரேக்தான் காலுக்குப் பக்கத்துல இருக்கணும் என்று சொன்னார். அந்த இரண்டும் அவர் சேர்த்த சொற்களில் இல்லை, புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டவை. அதனால் சோர்ஸ் கோடில் அந்த வரியை நானே மாற்றி, கம்பைல் செய்து கொடுத்தேன். அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. பழைய சட்டையில் பிடித்துத் தைத்தது புதிய துணியில் தானாக வருமா? வராது. மத்தியானம் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து அழுத்திச் சோதித்தேனே தவிர, அப்பாவைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒருதடவை அழுத்திப் பார்க்கவில்லை.

அவர் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். காது கேட்கிறது. தன் வாயிலிருந்து மாறி வருவதைக் கேட்டு, விரல்தான் தவறிவிட்டதோ என்று மறுபடி மறுபடி அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வேணும்."

எனக்கு வேண்டிய சொல் அது. இந்த அறையில் இருந்த எல்லோருக்கும் வேண்டிய சொல். டாக்டரின் பேனா காகிதத்தில் நகரத் தொடங்கியிருந்தது. நான் பேசாமல் இருந்தால் போதும். அப்பா இருப்பார். இன்னொரு "வேணும்" வரட்டும் என்று நின்றேன். அதுவும் வந்தது.

"டாக்டர், எழுதாதீங்க."

"என்னம்மா?"

"அது அப்பா சொல்றதில்ல. நான் காலையில மாத்தினதுல கட்டம் இடம் மாறிடுச்சு. அவரு கண்ணை மூடிட்டு எண்ணித்தான் அழுத்துவாரு. முதல்ல வேற சொல் இருக்கணும்."

எந்தச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. கட்டைவிரல் பொத்தானை விட்டு இறங்கி ஓய்ந்துபோய்க் கிடந்தது.

"எவ்ளோ நேரமாகும்?" என்றார் டாக்டர்.

"தெரியல. மறுபடி கம்பைல் பண்ணணும்."

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். அந்த வரியைக் கண்டுபிடித்தேன். இரண்டு சொற்களையும் இடம் மாற்றினேன். அண்ணன் என் தோளுக்கு மேலே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்து பாத்தேன்," என்றேன்.

கம்பைல் செய்யக் கொடுத்தேன். காலையில் அத்தனை நேரம் இழுத்தடித்த அதே லேப்டாப். ஏதாவது லைப்ரரி இல்லை என்று அடம் பிடிக்காதா, நடுவில் நின்று தொலைக்காதா, டாக்டர் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போகமாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஒரு வரி மாறினால் அந்த ஒரு ஃபைலைத்தான் திரும்பச் செய்யும். நாலு வரி ஓடியது, முடிந்துவிட்டது. இன்ஸ்டாலும் ஆனது. ஒரு குறையும் இல்லை.

"அப்பா, பழையபடி வெச்சுட்டேன். எப்பவும்போல எண்ணிக்கோங்க," என்று காதில் சொன்னேன். விரலைத் தூக்கிப் பொத்தான்மேல் வைத்தேன்.

டாக்டர் கேள்வியை முதலிலிருந்து, அதே வார்த்தைகளில் கேட்டார்.

டிக்.

"வேண்டாம்."

அப்பாவின் நெற்றிச் சுருக்கம் கலைந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் எழுந்து வெளியே போனான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "சரிங்க," என்று மட்டும் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

டிக் டிக்கென்று வெளிச்சம் கட்டங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணி, வலிக்குது, விசிறி. அப்பா எதையும் அழுத்தவில்லை. கடைசிக் கட்டம் வரும்வரை காத்திருந்து அழுத்தினார்.

"மேஸ்திரி," என்றது லேப்டாப்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்னும் நெருங்கிப் போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.