வலத்தோளில் போன சேலை

அந்தக் கமராவை வாங்கியது என் முடிவுதான். அதைப் பற்றி இனி எவரும் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் என் மனைவி சரோஜினிதேவி அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, வெள்ளவத்தையில் ஸமீமா என்ற அம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். நானும் மனைவியும் என் தங்கை சிவமணியும். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. சிவமணிக்கு முப்பத்தொரு வயது. ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக வந்த பேச்சைக் கெடுத்தவன் ஒரு ஸ்டூடியோக்காரன். யாரும் கேட்காமலே அவளுடைய இடக் கன்னத்து மச்சத்தை அழித்துவிட்டு, முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையும் ஏற்றியிருந்தான். அந்தப் படத்தை விரும்பி நேரில் வந்த மாப்பிள்ளையின் தாய், எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "படத்தில இந்த மச்சம் இல்லையே" என்றார். அதோடு சரி, பிறகு ஒரு பதிலும் இல்லை.

சிவமணி அழவில்லை. "இனி என்ர முகத்தைத் திருத்தி ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ அண்ணை. நான் நானாய் இருக்கிற படமெண்டால் அனுப்புங்கோ. இல்லாட்டி எனக்குக் கலியாணமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

அடுத்ததாக ரொறன்ரோவில் குகதாசன் என்ற ஒருவரின் பேச்சு வந்தது. எங்கள் தியாகராசா மாமா திங்கட்கிழமை அங்கே பறக்கிறார், படத்தைக் கையோடு கொண்டுபோவார் என்று ஏற்பாடு. ஸ்டூடியோப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று தங்கை நிற்கிறாள். நான் பேப்பரில் விளம்பரம் பார்த்து ஹெந்தளைக்கு ஓடினேன்.

அங்கே செலீன் என்ற பெண்மணி அவுஸ்திரேலியாவுக்குப் போகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். செங்கல் பாரத்தில், முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிக் கண்களோடு ஒரு பெட்டி. கண்ணில் வைத்துப் பார்க்கிற கமரா இல்லை இது. வயிற்றோடு பிடித்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்கவேண்டும். கண்ணாடித்தட்டில் உலகம் மினுங்கிக்கொண்டு தெரிந்தது. ஐயோ, அந்த வடிவு! ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டே படம். தன்னிடம் மிச்சமிருந்த இரண்டு சுருளையும் சும்மா தந்தார்.

"தம்பி, ஒண்டு கவனிக்கோணும், உதுக்குள்ள தெரியிறது பக்கம்..." என்று அவர் தொடங்கினார்.

"தெரியும், தெரியும்" என்றேன். இருட்டுமுன் சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டிய அவசரம் எனக்கு.

சாவடியில் ஒரு சிப்பாய் பெட்டியைக் கண்டு பயந்து, "மே மொகத்த?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டான். "கெமராவக், மாத்தயா" என்று மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தவன், அதற்குள் தன் கூட்டாளி துவக்கோடு நிற்பதைக் கண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்து, மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். என்னைப் போகச் சொல்லவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் சுருளை வீட்டில் பழகுவதற்கென்று போட்டேன். உள்ளே ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று நடுவில் பின்கதவைத் திறந்தும் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் திறந்தேன்.

"நல்ல கெட்டிக்காரன்" என்றாள் சரோஜினிதேவி.

வெள்ளிக்கிழமை காலை, மிச்சமிருந்த ஒரே சுருளோடு முற்றத்தில் நின்றோம். கடற்கரை வெளிச்சம் இன்னும் நல்லதுதான், ஆனால் அந்த நாளில் கடற்கரையில் கமரா தூக்கினால் பொலிசில்தான் போய் நிற்கவேண்டும். கொய்யா மரத்தடியில் சிவமணி நீலச் சேலையோடு விறைத்துப்போய் நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். அவளை நடுவுக்குக் கொண்டுவரக் கமராவை ஒரு பக்கம் திருப்பினால், கண்ணாடியில் அவள் இன்னும் ஓரத்துக்கு ஓடினாள்.

"ஆடாமல் நில்லடி!"

"நான் எங்க ஆடுறன்? நீங்கள்தான் ஆடுறியள்!"

பிறகுதான் அந்தப் பெரிய விஷயத்தைக் கண்டேன். சேலைத் தலைப்பு வலத்தோளில் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் இடத்தோளில், சரியாக. குனிந்து பார்த்தால் வலத்தோளில். கமராவுக்குள் எப்படித் தெரிகிறதோ அப்படித்தானே பிலிமில் விழும்? வலத்தோளில் சேலை போட்ட பெண்ணைப் பார்த்து ரொறன்ரோவில் என்ன நினைப்பார்கள்?

"சேலையை மற்றத் தோளுக்கு மாத்து" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி. வந்து குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஓமப்பா! மாறித்தான் கிடக்குது!"

சிவமணியை உள்ளே இழுத்துப்போய், மனைவி கொய்யகத்து மடிப்புகளைத் திருப்பி, ஊசிகளை மாற்றிக் குத்தி, சேலையை முழுக்கப் பக்கம் மாற்றி உடுத்திவிட்டாள். கண்ணாடித்தட்டில் இப்போது எல்லாம் வெகு சரி. நான் பெருமையோடு நிமிர்ந்தேன். எதிரே சேலையை மாறி உடுத்துக்கொண்டு நின்ற என் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதை!" என்று நான் கத்தக் கத்தக் கூடியது. பன்னிரண்டு படமும் அந்தச் சிரிப்போடுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே கிளறன்ஸ் என்பவர் வீட்டிலேயே கறுப்பு வெள்ளைப் படம் கழுவிக் கொடுப்பார். அவர் படத்தை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தார். சேலை வலத்தோளில்.

"மேல இருக்கிற கண்ணாடியில பக்கம் மாறித்தான் தெரியும், தம்பி. பிலிமில சரியா விழும். யாரும் சொல்லேல்லையா?"

செலீன் சொல்ல வந்ததை வெட்டிய என் வாயை நினைத்துக்கொண்டேன். இன்னொரு சுருள் தேடிப்பிடித்துக் கழுவி எடுக்க நேரமில்லை. மாமாவுக்கு விடிந்தால் பிளேன். என் தங்கையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

கிளறன்ஸ் சிரித்தார். "இதுக்கா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அடிச்சாச் சரி." ஐந்து நிமிடத்தில் சேலை இடத்தோளுக்கு வந்துவிட்டது. அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

இரண்டு படங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சிவமணி திருப்பி அடித்ததை எடுத்துக் கனநேரம் பார்த்தாள்.

"மச்சம் வலக்கன்னத்துக்குப் போயிட்டுது, அண்ணை. இது நானில்லை."

"சேலை சரியா இருக்கே!"

"சேலையை நாளைக்கு அவிழ்த்துப்போடலாம்."

மற்றதை எடுத்து, பின்பக்கத்தில் எழுதினாள்: 'சேலை மாறியிருக்கிறது. அண்ணனின் புதுக் கமரா. மற்றதெல்லாம் சரி.' மனைவி தலையில் கைவைத்தாள். நான் நல்லாகக் கத்தினேன். மாமாவோடு போனது அந்தப் படம்தான்.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் கமராவைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பதினோராம் நாள் பின்னேரம் ஸமீமா அம்மா முன்வீட்டிலிருந்து கூப்பிட்டார். "நாகேந்திரம், கனடாக் கோல்!"

ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன். "தம்பி, அந்தச் சேலை வந்து, கமராவில என்னெண்டால்..." என்று மூச்சுவிடாமல் தொடங்கினேன்.

"அதை விடுங்கோ அண்ணை" என்றார் குகதாசன். "அவ என்னத்துக்கு அப்பிடிச் சிரிக்கிறா? பத்து நாளா யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

இதுவரை பேச வந்தவர்கள் நிறம் கேட்டார்கள், உயரம் கேட்டார்கள், சீதனம் கேட்டார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "அதை அவளிட்டையே கேளுங்கோ" என்று ரிசீவரைப் பின்னாலேயே வந்து நின்ற சிவமணியிடம் கொடுத்தேன்.

முதலில் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னாள். பிறகு கமரா, கண்ணாடி, நான் கத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. அவளும் சிரித்தாள். சட்டென்று என் பக்கம் திரும்பி, ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

"அண்ணை, கொஞ்சம் வெளியில போங்கோ."

நான் வெளியே போனேன்.