படகில் ஏறாதவள்

“முதல்ல யாரு தூக்கினது?” என்று மகள் மறுபடியும் கேட்டாள்.

பிணவறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நூலகர் அம்மாள், குழாய் ரிப்பேர்காரர், பஸ் டிரைவர். சவ வண்டி வந்துவிட்டால் பேச நேரமிருக்காது. அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நேற்று இறந்துபோகுமுன் அம்மா கடைசியாக என்ன சொன்னாள்?

விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிப்பது அவள் உத்தியோகம். பொய் சொல்லும் சாட்சிகளைச் சமாளிக்கத் தெரியும். இவர்கள் உண்மையைச் சொல்லியே உயிரை வாங்கினார்கள்.

“எப்பவும் போலத்தாம்மா,” என்றார் குழாய்க்காரர். “வெள்ளம் வருது. நான் படகு கட்டி முடிச்சுட்டேன். பொண்டாட்டி ஏறமாட்டேங்குறா. பிள்ளைங்க தூக்கிட்டு வரணும்.”

பல நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்துத் தெருக்களில் தச்சர்களும் ஆணி செய்பவர்களும் நடித்த பைபிள் நாடகங்களை, வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் கூடி உரக்கப் படிக்கும் கூட்டம் இது. சில வாரங்களாக, கடவுள் அனுப்பும் வெள்ளத்திலிருந்து ஒரு குடும்பமும் மிருகங்களும் படகில் தப்பும் வெள்ள நாடகம். தையல் கடை வைத்திருந்த அம்மாவுக்கு அதில் படகு கட்டுகிறவரின் அடங்காப்பிடாரி மனைவி வேஷம். வீட்டில் அம்மாவுக்குக் கோபம் வந்தால் சமையலறைப் பாத்திரம்தான் பேசும். அவள் அங்கே போய்க் கத்துகிறாள் என்று கேள்விப்பட்டபோது மகளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“அம்மா என்ன சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.”

“‘நான் வரல, நீங்க போங்க’ன்னாங்க,” என்றார் நூலகர் அம்மாள்.

“அது நாடகத்துல இருக்கா?”

“அந்த அர்த்தத்துல இருக்கு. ஆனா உங்கம்மா எழுதினத மட்டும் படிக்கிற ஆளா? வாயில நுழையாத பழைய இங்கிலீஷ் வந்தா தள்ளிட்டு, நம்ம பாஷையில வெளுத்து வாங்குவாங்க. போன வாரம் இவர எருமைன்னாங்க.”

“சோம்பேறி எருமை,” என்று குழாய்க்காரர் திருத்தினார். குரலில் பெருமைகூட இருந்தது.

“அப்புறம்?”

“மூச்சு முட்டுதுன்னாங்க.” அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “படகுக்குள்ள அத்தனை மிருகம், நாத்தம், அதைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சோம். எல்லாரும் சிரிச்சோம்.”

“சிரிச்சீங்க.”

“நல்லா இருந்துதும்மா.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்ல, ‘நான் வரல’ அதுக்கப்புறம்தான் சொன்னாங்க,” என்றார் நூலகர் அம்மாள்.

“எங்க? நான் மழை வசனம் சொன்னேன், அப்புறம்...”

“மழை வசனம் என்னோடது. கடவுள் நான்தானே படிக்கிறேன்?”

“நாடகத்த நிறுத்துங்க!” மகளின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. “எங்கம்மாவச் சொல்லுங்க.”

அதுவரை வாயைத் திறக்காத பஸ் டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதில் மூத்த மகன் வேஷம் அவருக்கு.

“அவங்க உக்காந்திருந்த நாற்காலியோட பின்பக்கம் நான்தான் பிடிச்சேன்,” என்றார். “தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் புஸ்தகத்தால என் கையில அடிப்பாங்க. விளையாட்டுக்கில்ல, நெசமாவே வலிக்கும். நேத்து அடிக்கல.”

அவள் அவர் கையைப் பார்த்தாள்.

“சரி, இன்னைக்குத்தான் மனசு வந்து ஏறுறாங்கன்னு நெனச்சேன். மேஜைங்களுக்கு நடுவுல இறக்கி வெச்சோம். அதான் எங்க படகு. மழை நின்னு புறா திரும்பி வர்ற வரைக்கும் படிச்சோம். புறா வந்ததும் அவங்க பேசணும். மறந்துட்டாங்கபோலன்னு நான் முதல் வார்த்தைய மெதுவா எடுத்துக் கொடுத்தேன்.”

அவளிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள்.

வெளியே வண்டி பின்னோக்கி வந்து நின்றது. வண்டிக்காரரும் உதவியாளும் இறங்கினார்கள்; உதவியாள் கேட்டான்: “இன்னும் ரெண்டு பேர் வேணும். தூக்கறதுக்கு ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?”

குழாய்க்காரரும் பஸ் டிரைவரும் சட்டென்று எழுந்தார்கள். எழுந்த பிறகுதான் தயங்கி, அவளைப் பார்த்தார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“படி இருக்கு. பாத்துத் தூக்குங்க,” என்றாள்.

பஸ் டிரைவர் பின்பக்கம்தான் போனார். படி இறங்கும்போது மற்றவர்கள் பிடியை மாற்றிக்கொண்டார்கள். அவர் மாற்றவில்லை. அம்மா அடித்துவந்த கையை, புறங்கை மேலே தெரிய, சவப்பெட்டியின் விளிம்பிலேயே வைத்திருந்தார்.