இடது பக்கக் கொக்கி

பழி முழுவதையும் பச்சைமுத்து, ஸ்க்ரூ முடுக்கும் மெஷின் தலையில் கட்டிவிட்டான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். அவனுக்கு ஆடத் தெரியாமலில்லை. பன்னிரண்டு வருஷமாக டெல்லியில் ஜிப்சம் பலகையில் சீலிங் போடுகிறவன். கோணல் மெஷினிலும் இல்லை, அவனுடைய வலது தோளில் இருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கி நாலு ஸ்க்ரூ முடுக்குவதற்குள் மூட்டுக்குள் யாரோ ஊசி ஏற்றுவது போல் வலித்தது. அதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜிப்சம் பலகையின் இரண்டு பக்கமும் தடித்த காகிதம் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூவின் தலை அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல், ஒரு மயிரிழை அமுங்கி உட்கார வேண்டும். கிழிந்தால் பிடிப்புப் போயிற்று. போன மாதம் லக்ஷ்மிபாய் நகரில் அவன் போட்ட சீலிங்கில் பாதி ஸ்க்ரூ சாய்ந்தும் கிழித்தும் இறங்கி, ஒரு பலகை தொங்கிவிட்டது. காண்டிராக்டர் குப்தா முழுவதையும் பிரித்துத் திரும்பப் போட வைத்தார். பேட்டரி மெஷினுக்கு வலுவில்லை என்றான் பச்சைமுத்து. அப்படியானால் நல்லதாக ஒன்று வாங்கு, மயூர் விஹாரில் ஜலஜா மேடம் வீட்டு வேலை உனக்கு, அதுவும் இப்படியானால் வேறு ஜோடியைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார் குப்தா.

ஜோடி என்பது அவனும் அவன் மனைவி பவுனும்தான். அவன் ஏணி மேல் நிற்பான். அவள் கீழே நின்று, தலையில் குறுக்குக்கட்டை அடித்த நீள முட்டுக் கழியால் பலகையைத் தாங்கிப் பிடிப்பாள். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையைக் கீழே நீட்டினால் ஒரு பிடி ஸ்க்ரூ வந்து விழும். ஜங்புரா மதராசி கேம்பில் வீட்டைச் சர்க்கார் இடித்து, ஊர்க்கோடி நரேலாவுக்கு அனுப்பிய பிறகும், தினம் இரண்டு பஸ் மாறி வந்து இந்த ஒரு தொழிலைத்தான் விடாமல் பிடித்திருந்தார்கள். இதுவும் போனால் ஆளுக்கொரு பக்கம் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

மெஷின் கதையைக் குப்தா நம்பிவிட்டார். பவுனு நம்பினாளா என்பது தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அவனுக்கு உதைத்தது.

சாவ்ரி பஜார் கடைக்காரர் மேஜை மேல் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். பேட்டரி மெஷினைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே ஒதுக்கிவிட்டார்கள். பாதிப் பலகையில் சார்ஜ் போய்க் காலை வாரும், பேட்டரியே ஒரு கனம் கனக்கும். சீலிங் போடும் வீட்டில் கரண்ட் இல்லாமலா போகும்? வயர் வைத்த மெஷின்தான் சரி. அதில் ஒன்று பெரியது, இரும்பு மூக்கும் தடித்த உடம்புமாக இருந்தது. பச்சைமுத்து கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தான். மற்றொன்று மெலிந்தது. அதன் மூக்கில் ஒரு வளையம் இருந்தது. அதைத் திருகி ஆழத்தை வைத்துவிட்டால் ஸ்க்ரூ அதற்கு மேல் இறங்காது என்று கடைக்காரர் ஒரு துண்டுப் பலகையில் முடுக்கியே காட்டினார்.

பவுனு இடதுகைக்காரி. இரண்டையும் ஒவ்வொன்றாக இடது கையில் வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கையை இறக்காமலே இந்தியில் வயர் எத்தனை நீளம் என்று கேட்டாள். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் கொக்கியைப் பக்கம் மாற்றலாமா என்றும் கேட்டாள். மாற்றலாம் என்றார். பொம்பளைகள் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று பச்சைமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பெருசுல ஜோர் ஜாஸ்தி பவுனு. ஒரே அழுத்துல எறங்கிடும்."

"பலம் மெஷின்ல இருந்தா ஆச்சாங்க? நாள் பூரா தூக்கிப் புடிக்கணும்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது தெரிந்துபோயிருக்கிறது. எனக்காகத்தான் கனம் பார்க்கிறாள் என்று நினைத்தான். கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. மெலிந்ததையே வாங்கினார்கள்.

மயூர் விஹாரில் முதல் நாள் காலை, டப்பாவைத் திறந்ததும் பவுனு கொக்கியைக் கழற்றி மெஷினின் மறுபக்கத்தில் மாட்டினாள்.

"அத ஏன் மாத்துற? நான் வலது பக்கம்தான மாட்டுவேன்?"

"நீங்க மாட்டப் போறதில்லீங்க. நான்தான் மேல ஏறப் போறேன்."

அவன் கொக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ராத்திரில பொரள முடியாம மொனகுறீங்களே, பக்கத்துல படுக்கிறவளுக்குக் கேக்காதா?" என்றாள். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "நீங்க சாப்டுட்டுக் கண்ணசர்ற நேரத்துல துண்டுப் பலகையில முடுக்கிப் பாத்துட்டுதான் இருக்கேன்."

வேலை நடந்த வீடுகளில் மூலையில் கிடந்த துண்டுகள் அவன் நினைவுக்கு வந்தன. வரிசை பிசகாமல் ஸ்க்ரூ இறங்கியிருக்கும். தச்சர்கள் விளையாடியிருக்கிறார்கள் என்று அவன்தான் அவற்றை மூட்டை கட்டி எறிந்திருக்கிறான். ஏதாவது கத்தலாமா என்று பார்த்தான். கத்துவதற்கு ஒன்றுமில்லை. குனிந்து முட்டுக் கழியை எடுத்தான். மார்புக்கு நேரே பிடித்தால் தோள் வலிக்கவில்லை.

பவுனு முதல் ஸ்க்ரூவை முடுக்கிக் கட்டைவிரலால் தடவினாள். தலை சற்று வெளியே நின்றது. மூக்கு வளையத்தை ஒரு சுற்றுத் திருகினாள். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. அதன் பிறகு அவள் கை நிற்கவேயில்லை.

சாயங்காலம் குப்தா வந்தபோது ஹால் முடிந்திருந்தது. ஏணியில் ஏறி, பட்டி பூசும் தகட்டால் ஸ்க்ரூ வரிசையின் மேல் இழுத்துப் பார்த்தார். ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் தகடு டிக்கென்று தட்டும். எங்கும் தட்டவில்லை. புது மெஷின் வாங்கச் சொன்னேனே, பார்த்தாயா பச்சைமுத்து என்று சந்தோஷமாக இறங்கினார்.

ஆமாமென்று ஒரு 'ஹாங் ஜி' சொன்னால் போதும், விஷயம் முடிந்தது. பவுனு குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பான்.

"மேனே நஹீ கியா, சாப். பவுனு நே கியா."

நான் செய்யவில்லை, இவள்தான் செய்தாள் என்று ஆரம்பித்தவன் பழைய மெஷின்மேல் குற்றமே இல்லை, கெட்டது என் தோள்தான் என்பதுவரை இந்தியில் கொட்டிவிட்டான். குப்தா மறுபடியும் ஏணியில் ஏறினார். சற்றுமுன் நன்றாக இருந்த அதே சீலிங்கில் இப்போது குறை தேடினார், நாலு இடத்தில் தகட்டை இழுத்தார். தட்டவில்லை. இறங்கி வந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பவுனைப் பார்த்து, உள் அறை எப்போது முடியும் என்று கேட்டார். நாளைக்கு என்றாள். சரியென்று போய்விட்டார்.

பச்சைமுத்துவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பவுனு தாழ்வாரத்தில் மீதமிருந்த ஒரு வரிசையையும் முடித்துவிடலாமென்று ஏறினாள். சற்று நேரத்தில், திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையைக் கீழே நீட்டினாள். அவன் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி வைத்தான். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது மொன மழுங்கினதுங்க. பாத்துக் குடுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் தன் கைக்கு மழுங்கிய ஸ்க்ரூ ஒன்றுகூட வந்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தான்.