மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை

பெரியவள் பார்க்கும் வேலையைக் கேட்டால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சினை எலிகளுக்கு மருந்து கொடுத்து, ஈனுவதற்கு முந்தைய நாள் கருப்பையைத் திறந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். உதடு சேர்ந்திருக்கிறதா, விரல் பிரிந்திருக்கிறதா, வயிறு மூடியிருக்கிறதா. எந்தக் குட்டியின் தாய் மருந்து தின்றது, எது வெறும் தண்ணீர் குடித்தது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. குப்பியில் எண் மட்டும்தான். எண்களுக்கான விவரம் ஒட்டிய உறைக்குள், மேலதிகாரியின் அலமாரியில் தூங்கும். அவருக்கு ஆய்வகத்தில் பெயரே கால்புள்ளிதான். ஒரு கால்புள்ளிக்காக முப்பது பக்கத்தைத் திரும்ப அச்சடிக்க வைத்த மகானுபாவர்.

பதினாறு வருஷமாக அசராமல் இதைச் செய்தவளுக்கு இந்த முறை குப்பியைத் திறக்கவே மனம் வரவில்லை. வந்திருந்தது மூக்கடைப்பு மாத்திரை. கடையில் பல காலமாகக் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கிற சரக்கு. கர்ப்பிணிகள் சாப்பிடலாமா என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்ற ஞானம் இப்போதுதான் கம்பெனிக்குப் பிறந்திருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் தங்கைக்கு இரண்டாம் மாதம். மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டு, மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்தாள் சின்னவள். இதே மாத்திரையை வாங்கிப் போனது பெரியவள்தான்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேக்கட்டுமா அக்கா?"

"மருந்து லேப்ல வேலை பாக்கறவ நான் சொல்றேன். சும்மா போடுடி."

பிள்ளை குடல் வெளியே சரிந்தபடி பிறந்தான். பதினொரு நாள் இருந்தான். காரணம் தெரியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். சின்னவள் அக்காவை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்படிச் சொந்த விவகாரம் உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வகத்து விதி. பெரியவள் அதை மறைத்துவிட்டாள். வேறொருத்தி பார்த்து எழுதுவதை அவளால் தாங்க முடியாது.

ஆயிரத்து நாற்பது குட்டிகள். முந்நூற்றுச் சொச்சமாவது குட்டிக்கு வயிறு மூடவில்லை. நூல் கனத்துக்குக் குடல் வெளியே கிடந்தது. பெரியவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். 'பாவி, நீ மருந்துக் கூட்டமா, தண்ணீர்க் கூட்டமா?' கடைசி வாரத்தில் இன்னொன்று அதே மாதிரி வந்தது. வேறெதிலும் இல்லை.

உறை பிரித்த அன்று அவளுக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. கால்புள்ளி நிதானமாக எண்ணைப் படித்தார். முதல் குட்டியின் தாய் அதிக அளவு மருந்து தின்றது. இரண்டாவதின் தாய் குடித்தது வெறும் தண்ணீர். மற்றக் கணக்குகளிலும் கூட்டத்துக்குக் கூட்டம் பேதமில்லை.

"இந்த அளவுல, எலிங்ககிட்ட, வித்தியாசம் தெரியலன்னு எழுதுங்கம்மா. பாதுகாப்பானதுன்னு எழுதாதீங்க. அது வேற, இது வேற."

"சரி சார்," என்று அப்படியே தட்டச்சு செய்தாள். பஸ் ஏறும்போது 'வித்தியாசம் தெரியல' என்ற முதல் பாதி மட்டும்தான் அவளிடம் மிச்சமிருந்தது.

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணலடி! நானே பாத்தேன். மருந்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசமே இல்ல."

கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் மடித்த சட்டையை உதறித் திரும்ப மடித்தாள்.

"அப்ப என் உடம்புதானா அக்கா?"

"என்னடி உளர்ற?"

"மாத்திரைதான்னு இருந்தேன். உன்மேல கோவம்தான், சொல்லல. ஆனா வெளியிலேருந்து வந்து எதுவோ கெடுத்துடுச்சுன்னு இருந்தேன். இன்னொண்ணு பெத்துக்கலாம்னு அவர் சொல்றாரு. மாத்திரை பக்கமே போகாம இருந்தா ஆச்சுன்னு நானும் சரின்னுட்டேன். இப்ப எதை நம்பி..." சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். "வேணாம்னு சொல்லிடறேன்."

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பாரத்தை இறக்குகிற அவசரத்தில் அதைத் தங்கை தலையில் வைத்துவிட்டாள்.

"இல்லடி. எலி வேற, மனுஷி வேற. பாதுகாப்பானதுன்னு எழுதவே அவர் விடல. மாத்திரையா இருக்கலாம்." சட்டைக்குள் புதைந்திருந்த முகத்தைப் பார்த்தாள். "மாத்திரைதான். நான் குடுத்ததுதான்."

சின்னவள் சட்டையை இறக்கினாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"டாக்டரைக் கேக்கறேன்னு சொன்னேனே அக்கா! என்னமோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி என் வாயை அடைச்சியே! உன்னாலதானே..."

ஐந்து வருஷத்தையும் சேர்த்துத் திட்டத் தொடங்கினாள். பெரியவள் வாசலிலேயே நின்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாண்டி, ஆமாண்டி" என்று தலையாட்டினாள்.