ஆடும் படகுத்துறையில் ஆடாத கை

தனலெட்சுமி ட்ரைபாடைக் காரிலேயே விட்டுவிட்டு, கேமராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மீன்படகுகள் அணையும் பலகைத் துறையான ஜெட்டிக்கு வந்தாள். குகநாதனுக்கு முகம் சுருங்கியது.

"என்னம்மா, போன வருஷமே படம் மங்கலா வந்துச்சு. இப்ப ட்ரைபாடும் இல்லாம வந்து நிக்கிறீங்க?"

"அது இருந்ததாலதான் சார் மங்கலா வந்துச்சு."

குகநாதன் பறவைச் சங்கத்தின் செயலாளர். முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர். ஆதாரம் இல்லாவிட்டால் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். போன வருடம் கெலாங் பாத்தா பக்கத்தில் இதே ஜெட்டியிலிருந்து, ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் பட்டை கட்டிவிட்ட ஓர் உள்ளான் பறவையைத் தனலெட்சுமி கண்டாள். பட்டையில் இருந்த கே7எம் என்ற எழுத்துகளைத் தொலைநோக்கியில் தெளிவாகப் படித்தாள். அவரே இரவல் கொடுத்த ட்ரைபாடில் கேமராவைப் பூட்டிப் படமும் எடுத்தாள். வந்தது ஒரு சாம்பல் கறை. சங்கத்துப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'சந்தேகம்' என்று எழுதிவிட்டார் மனிதர். அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை என்றால் மிகை. ஆனால் அடுப்பில் சோறு பொங்கும்போதெல்லாம் அவளும் கூடவே பொங்கினாள்.

பொங்கியதோடு நிற்கவில்லை. ஒருநாள் தனியாக வந்து, பால் விடாத தே ஓ ஒரு டம்ளரை ஜெட்டிப் பலகைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கோடியில் ஒருவர் நடந்தால் இந்தக் கோடியில் தேநீர் நடுங்கியது. பலகை நடுங்கினால் அதன்மேல் ஊன்றிய மூன்று கால் மட்டும் சும்மா இருக்குமா? மனுஷ முழங்கால் அப்படியல்ல, வளைந்து கொடுக்கும். கையைப் பற்றியோ அவளுக்குக் கவலையே இல்லை. இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, அரிசியைவிடச் சின்னப் பாகங்களுக்குச் சோல்டரிங் வைத்த கை அது.

இன்று ஐந்து பேர் ட்ரைபாடோடு வரிசையாக நின்றார்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. சேற்று விளிம்பில் இறங்கிய உள்ளான்களில் ஒன்றின் காலில் பட்டை தெரிந்தது.

"சீக்கிரம்லா! தண்ணி ஏறுது, கால் முங்கிட்டா பட்டை தெரியாது!" என்று குகநாதன் கத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன்படகு வந்து ஜெட்டியில் உரசியது. பலகைகள் கிடுகிடுத்தன. "அலமாக்!" என்று அலறல் எழுந்தது. ஐந்து கேமராக்களும் சேர்ந்து ஆடின.

தனலெட்சுமி செருப்பை உதறினாள். காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தினாள். இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். சோல்டரிங் முனையைத் தொட வைக்கிற அதே பதத்தில் பட்டனை அழுத்தினாள், மூன்று தடவை. நான்காவதற்குள் தண்ணீர் பட்டையை மூடிவிட்டது.

அவள் திரையைப் பெரிதாக்கி நீட்டினாள். குகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கே... ஏழு... எம்."

"போன வருஷம் நான் என்ன சொன்னேன்?"

அவர் கைப்பேசியில் பட்டியலைத் திறந்தார். கே7எம் அங்கேயே இருந்தது, பக்கத்தில் 'சந்தேகமும்' இருந்தது. அவர் காது சிவந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கம்மா. வீட்டுக்குப் போனதும் மாத்திடறேன்."

"வீட்டுக்கெல்லாம் வேணாம் சார். என் கண்ணு முன்னால அழிங்க."

படகு இன்னும் உரசிக்கொண்டிருந்தது. அவர் விரல் இரண்டு முறை வேறெங்கோ போய் அழுந்தியது. தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக் கோபம் அதிலேயே கரைந்துவிட்டது.

"முழங்கையை விலாவோட ஒட்டிக்குங்க சார். மூச்சைப் பாதி விடுங்க. ஆங், இப்ப அழுத்துங்க."

அவர் அப்படியே செய்தார். சொல் அழிந்தது.