ஒரே ஒரு மிட்டாய்

டைல்ஸ்காரருக்கு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கத் தெரியும். இதய டாக்டரின் அறையிலும் அப்படித்தான். மூலையில் ஒரு டைல் மயிரிழை தூக்கி நின்றது. டாக்டர் பேசி முடிக்கும்வரை அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அழாமல் தப்பித்தார்.

"உங்க பொண்ணு இதயத்துல இருக்கிற ஓட்டையை அடைச்சிடலாம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆனா வாய் இந்த லட்சணத்துல இருக்கும்போது நான் நெஞ்சைத் திறக்க மாட்டேன். பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்தோட போய் இதயத்துல உக்காந்துச்சுன்னா ஆபத்து. முதல்ல பல்லைச் சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் தேதி தர்றேன்."

மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பேர். எதைக் கொடுத்தாலும் கொறிப்பாள். கொஞ்சம் ஓடினாலே உதடு நீலம் பூத்துவிடும். பல் டாக்டர் அவளுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிப் போட்டார். முன்பற்களில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டுகள் இருந்தன. "இது இன்னும் ஓட்டை ஆகலை. இதோட நின்னா நல்லது. நிக்கலைன்னா ஆபரேஷன் தள்ளித்தான் போகும்" என்றார். "இனிப்பு நிறைய குடுக்கிறீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு மிட்டாய்தான் டாக்டர்" என்றார் டைல்ஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி.

அதில் பொய் கிடையாது. குழந்தை ஏங்கிப் போகக்கூடாது, இனிப்பும் அளவு மீறக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் ஒரு டாஃபியை எடுத்து, மீந்துபோன டைல் துண்டின் மேல் வைத்து, பிளேடால் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார். ஒன்றுகூடக் கோணாது. குட்டி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். மருந்து குடித்தால் ஒரு துண்டு, சிணுங்கினால் ஒரு துண்டு, சிணுங்காமல் இருந்ததற்காகவும் ஒரு துண்டு. ஒரே மிட்டாய் சாயங்காலம்வரை ஓடும். "உங்க அப்பா கை, எதைக் குடுத்தாலும் கணக்கா வெட்டிடும்டி" என்று மனைவிக்கும் பெருமை.

அப்படியிருக்க, பல் எப்படிச் சொத்தையானது? வீட்டில் இரண்டு கட்சி உருவாயிற்று.

"எல்லாம் உங்க அக்கா வேலைதான். ஞாயித்துக்கிழமையானா அத்தை வீடு அத்தை வீடுன்னு பறக்குறாளே, அங்க என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி.

அக்கா பல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கூடத்துக்காரி. வாய்க் கிருமிகளை வளர்ப்பது அவள் உத்தியோகம். விஷயம் காதில் விழுந்ததும் வெடித்தாள். "நானா? தினம் அந்தக் கிருமிங்களுக்குச் சோறு போடறவடா நான். அதுங்க என்ன தின்னா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டியைக் கேளு. நீ நாளைக்கு என் லேப்புக்கு வா, காட்டறேன்."

பாவம் மனிதர், இரண்டு பெண்களிடமும் தலையாட்டிவிட்டு மறுநாள் போனார்.

அக்கா ஒரு தாங்கியில் நான்கு கண்ணாடிக் குழாய்களை வைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சுண்டெலியின் பல்லில் வழித்து எடுத்த கிருமிதான் நான்கிலும். ஊற்றிய ஊதா நீரும் ஒன்றே. போட்ட சர்க்கரைதான் வேறு வேறு. ஒன்றில் பாலில் இருக்கிற சர்க்கரை, ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் வீட்டுச் சர்க்கரை, கடைசியில் சைலிட்டால் என்ற, சூயிங்கத்தில் போடுகிற இனிப்பு.

"ஊதா மஞ்சளாச்சுன்னா புளிச்சுப்போச்சுன்னு அர்த்தம். அந்தப் புளிப்புதான் பல்லைக் கரைக்கும்" என்றாள்.

குளுக்கோஸும் வீட்டுச் சர்க்கரையும் பளிச்சென்ற மஞ்சள். பால் சர்க்கரை இரண்டுங்கெட்டான் நிறம். சைலிட்டால் மட்டும் ஊதாவாகவே நின்றது.

"இதுல மட்டும் ஏன் மாறலை?"

"அதை இனிப்புன்னு நம்பி உள்ள இழுத்துக்கும். தின்ன முடியாது. அப்புறம் வெளிய தள்றதுக்குப் படாத பாடு படும்" என்று அக்கா சிரித்தாள். "இப்ப ஒவ்வொண்ணா கவுத்துப் பாரு."

குளுக்கோஸ் குழாயைக் கவிழ்த்தார். கலங்கல் முழுக்கத் தொட்டியில் கொட்டிவிட்டது. வீட்டுச் சர்க்கரைக் குழாயைக் கவிழ்த்தார். தண்ணீர் போயிற்று. கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலம் ஒன்று அசையாமல் நின்றது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் அடியில் பிடித்தார். போகவில்லை. ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினார். சவ்வாக இழுத்துக்கொண்டு மறுபடி ஒட்டியது.

"என்ன பசைக்கா இது?"

"நான் எந்தப் பசையும் போடலை. சர்க்கரைதான் போட்டேன். மத்ததெல்லாம் அதுங்க வேலை." அக்கா இரண்டு விரல்களைக் கோத்துக் காட்டினாள். "வீட்டுச் சர்க்கரைன்னா ரெண்டு சர்க்கரை கைகோத்துக்கிட்டு நிக்கறது. கிருமி அந்தப் பிடியைப் பிரிக்கும். ஒண்ணைத் தின்னும். இன்னொண்ணை ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கோத்துப் பசையாக்கும். அந்தப் பசையில ஒட்டிக்கிட்டுக் குடித்தனம் நடத்தும்."

டைல்ஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் பூராவும் பசையோடு மல்லுக்கட்டியவர் அவர். மூட்டை மூட்டையாக வாங்கி, பதம் பார்த்துக் குழைத்து, ஈரம் கூடினால் பிடிக்காது, குறைந்தால் வெடிக்கும் என்று தவம் கிடந்தவர். இங்கே கண்ணுக்கே தெரியாத ஒன்று, தண்ணீருக்குள் இருந்துகொண்டே, பிளாஸ்டிக் வாளிகூட இல்லாமல், வழவழப்பான கண்ணாடியில் ஒட்ட வைத்திருக்கிறது. மகளின் உயிரோடு விளையாடுகிற கிருமி என்பதுகூட ஒரு கணம் மறந்து, அதைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

"இத்தனை நாளா எம்பொண்ணு வாய்க்குள்ளயா இந்த வேலை நடந்துச்சு?"

"உன் வாய்லயும்தான். சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு உக்காராதே, இதையும் பாரு."

சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னாள். துப்பியதும், நூல் போன்ற ஒரு கம்பியை அவர் பல்லிடுக்கில் வைத்தாள். கம்பியின் மறுமுனையில் இருந்த பெட்டியில் எண் மளமளவென்று இறங்கியது. எண் இறங்க இறங்க வாய்க்குள் புளிப்பு ஏறுகிறது என்றாள் அக்கா. இறங்கி, தரை தட்டினாற்போல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு யாரும் எதுவும் செய்யாமலே மெல்ல ஏறத் தொடங்கியது.

வாயில் கம்பியோடு, கண்ணாலேயே கேட்டார்.

"எச்சில்டா. அதுதான் புளிப்பைக் கழுவுது. பல்லுல கரைஞ்சதையும் அதுவே திரும்பக் கொண்டுவந்து அப்பும். நீ டைல் இடுக்குல பூசற மாதிரி. வெள்ளைத் திட்டு வரைக்கும் அதால சரி பண்ண முடியும். ஆனா அவகாசம் குடுக்கணும். ஒவ்வொரு தடவை தின்னப்புறமும் அரைமணி, ஒருமணி ஆகும்."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. காசு கேட்காத, சாப்பாட்டு வேளைக்கு இறங்காத ஒரு மேஸ்திரி எல்லோர் வாயிலும் இருக்கிறானா! இத்தனை வயசுவரை துப்பித் தள்ளிக்கொண்டிருந்தோமே! எண் ஏறுவதைச் சாமி ஊர்வலம் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி தோன்றியது. கம்பியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"பாதி ஏறும்போது இன்னொரு வாய் இனிப்பு போட்டா?"

"போட்டா என்ன, மறுபடி கீழதான். நீ பூசிட்டு நகர்றதுக்குள்ள எவனாவது ஈரத்துல மிதிச்சா விடுவியா? எவ்வளவு தின்னாங்கறதைவிட, எத்தனை தடவை தின்னாங்கறதுதான் முக்கியம்."

அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. டப்பா உள்ளே இருந்தது. காலையில் வெட்டியது; கிளம்பும் அவசரத்தில் வீட்டில் வைக்க மறந்துவிட்டிருந்தார். குலுக்கினால் சதுரங்கள் சத்தம் போடும். எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார்.

அக்கா பார்த்தாள். சிரிக்க வாயெடுத்தவள், தம்பியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா நேரா வெட்டியிருக்கேடா" என்றாள் மெதுவாக.

"நான்தான்க்கா மிதிச்சேன்" என்றார் அவர். "ஈரத்துல மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்." இதய டாக்டர் அறையில் வராத அழுகை இங்கே வந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க வேலைக்குப் போனப்புறம் எடுத்துக் குடுத்தது நான்தானே" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல அண்ணிக்குப் போன் போடுங்க. நான் பேசணும்" என்றாள்.

அதன்பின் மிட்டாய் வந்தால் முழுசாக, சாப்பாட்டோடு, ஒரே மூச்சில். உடனே தண்ணீர். மற்ற நேரம் வாய்க்கு ஓய்வு. சுண்டெலி முதலில் ஊரைக் கூட்டினாள். "உள்ள மேஸ்திரி வேலை பாக்கறான், தொந்தரவு பண்ணக்கூடாது" என்று அப்பா சொன்னதும் அடங்கினாள். யாராவது தின்னக் கொடுத்தால், வாயைப் பொத்திக்கொண்டு "வேலை நடக்குது" என்பாள். ராத்திரி பல் தேய்க்கும்போது கண்ணாடியில் மேஸ்திரியைத் தேடுவாள்.

சில மாதம் கழித்துப் பல் டாக்டர் விளக்கைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். டைல்ஸ்காரர் தரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்தார். "திட்டெல்லாம் இறுகிடுச்சு. புதுசா எதுவும் இல்லை. இதய டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார் டாக்டர். அன்று மாலையே தேதி கிடைத்தது.

வீட்டில் மகளை மடியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். சொரசொரவென்று இருந்த இடங்கள் வழவழவென்று மின்னின. பதித்த டைல் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். சுண்டுவிரல் நகத்தால் முன்பல்லை மெல்லத் தட்டினார். கெட்டிச் சத்தம்.

"யாரு பூசினா இதை? நானே பூசினாலும் இப்படி வராதே!"

"நான்தான்ப்பா. எச்சில் வச்சே பூசிட்டேன்" என்றாள் சுண்டெலி.

அவளை அணைத்து நெஞ்சில் காதை வைத்தார். உள்ளே அந்தக் குட்டி இதயம் துடித்தது. ஒவ்வொரு துடிப்போடும், ஓட்டை வழியே போகிற ரத்தம் உஸ்ஸென்று இரைந்தது. இத்தனை நாளும் அந்த இரைச்சலைக் கேட்கப் பயந்து அவர் அங்கே காதை வைத்ததே இல்லை. இன்றைக்கு வைத்த காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.