தாணே வந்தாச்சு

ஜன்னல் சீட் அகிலாண்டத்துக்கு. சம்மதமில்லாதவர்கள் அடுத்த வண்டியில் வரலாம் என்று டோம்பிவிலி பிளாட்ஃபாரத்திலேயே சொல்லிவிட்டேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என் வாய்க்கு அவ்வளவு பயம்.

முந்தின நாள்தான் அவளுடைய பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து, பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். நெஞ்சு வலிக்கிறது என்றாளாம், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எதற்குத்தான் அவசரமில்லை அவளுக்கு! கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் என் பக்கத்தை விட்டு நகராமல், மாட்டுங்கா வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள். கடைசியாக ஒரே ஒரு நாள் அவள் இடத்தில் அவளே போகட்டும். மாட்டுங்கா வரை அங்கே யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

ஏறியதும் ஜன்னலோரம் கர்ச்சீஃபைப் போட்டு, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்தேன்.

"கர்ச்சீஃபா போட்டேள் ரஞ்சனா மாமி? அகிலா மாமி இருந்தா தூக்கி வெளியில எறிஞ்சிருப்பா," என்று சிரித்தாள் ஸ்மிதா. எங்கள் கோஷ்டியில் இவள்தான் சின்னவள்.

உண்மைதான். துணி போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டால் அகிலாவுக்கு ஆகாது. "பாஸ் உனக்கா, உன் துணிக்கா?" என்று கேட்பாள். நான் சொன்ன எதையும் அவள் கேட்டதும் கிடையாது. மழை வரும், குடை எடுடீ என்றால் வராது என்பாள். தொப்பலாக நனைந்த பிறகு, "உன் வாய்தான் மழையைக் கூப்ட்டுது" என்பாள். என்ன ஜன்மமோ!

அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. டோம்பிவிலியில் உட்கார்ந்தவர்கள் தாணேயில் எழுந்து, நிற்பவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். "தாணே வந்தாச்சு, எழுந்திருங்கோடீ!" என்று அவள் போடும் சத்தத்தில், தாதரில் இறங்க வேண்டியவர்கள்கூடப் பதறிப் போய் தாணேயில் இறங்கியிருக்கிறார்கள்.

மும்ப்ராவில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. தினமும் அகிலாவுக்கு எதிரே வந்து நிற்கும் சாயிமா என்ற பெண் காலி இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஆண்ட்டி, காலி ஹை நா?"

"நஹி. ஹமாரா ஃபிரெண்ட் பைட்டா ஹை," என்றேன், எங்கள் சிநேகிதி உட்கார்ந்திருக்கிறாள் என்கிற அர்த்தத்தில்.

பூவுக்கு ஒரு சீட்டா, பூவை என் மடியில் வைத்துக்கொள்கிறேன், கால் கடுக்கிறது என்று அவள் இந்தியில் பொரிந்தாள். நானும் விடவில்லை. என் இந்திக்குக் கோபம் வந்தால் பாதி தமிழாகிவிடும். டப்பாவே வேடிக்கை பார்த்தது. இடிபட்டு நின்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம்.

கடைசியில் சாயிமா, "தினம் இங்கே உட்காருவாங்களே, அந்த ஆண்ட்டி இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க," என்று இந்தியில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

தாணே வந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், நாங்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். ஜன்னலோரம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அகிலா, தாணே வந்தாச்சு. எழுந்திருடீ," என்று சொல்லிக் கர்ச்சீஃபை உருவிக்கொண்டேன்.

சாயிமா என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடியே பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாட்டுங்கா வரைக்கும் யாரும் உக்காரப்படாதுன்னேளே மாமி?" என்று கேட்டாள் ஸ்மிதா.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நான் சொல்லி அவ என்னிக்குடீ கேட்டிருக்கா?"